மக்கள் ஏன் எழுகிறார்கள்? நெல்லை முதல் துனிசியா வரை

(சாரல் காலத்தில் குற்றாலத்தில் நடந்த நமது அறக்கட்டளையின் குடும்ப ஒன்றுகூடலில், ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியரான நம் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரிதும் மாற்றப்படாமல் தரப்படுகிறது.)



கண்ணியத்திற்குரிய ஜமாஅத் பெரியவர்களே, தாய்மார்களே, சகோதர சகோதரிகளே, பின்வரிசையில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும் தம்பிமார்களே! ஐந்தருவியில் தண்ணீர் கொட்டும் நேரத்தில் ஒரு வரலாற்று வாத்தியாரைப் பேசச் சொல்வது, பேசுகிறவருக்கும் கேட்கிறவர்களுக்கும் சோதனைதான். சீக்கிரம் முடித்துவிடுகிறேன், இன்ஷா அல்லாஹ்.

எனக்குத் தந்த தலைப்பு, ‘அரபு நாடுகளில் மக்கள் ஜனநாயகம் கேட்டு ஏன் எழுந்தார்கள்?’ என்பது. இந்தத் தலைப்பைத் தென்காசிப் பக்கம் ஏன் பேச வேண்டும் என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். கடையநல்லூர், புளியங்குடி, வடகரை, அச்சன்புதூர் என்று எந்தத் தெருவை எடுத்தாலும் சபுராளி இல்லாத வீடு குறைவு. 2011 பிப்ரவரியில் லிபியாவில் சண்டை மூண்டபோது நம் நாட்டு அரசு 15,000-க்கும் மேற்பட்ட இந்தியர்களைக் கப்பலிலும் விமானத்திலும் மீட்டுக் கொண்டுவந்தது. என் மைத்துனரும் அதில் வந்தார். ஒரு கைப்பையும் காலில் செருப்பும்தான் மிச்சம். எட்டு நாள் போன் எடுக்கவில்லை. என் மாமியார் அந்த எட்டு நாளும் சாப்பிட்டதை யாரும் பார்க்கவில்லை. அதனால் இது எனக்குப் பத்திரிகைச் செய்தி அல்ல.

ஆனால் நான் கெய்ரோவிலிருந்து தொடங்கப் போவதில்லை. திருநெல்வேலியிலிருந்து தொடங்குகிறேன். 2019-இல்தானே நமக்குத் தனி மாவட்டம் வந்தது? அதற்கு முன் தென்காசியும் அந்த மாவட்டம்தான். அங்கே 1908 மார்ச் 13 அன்று நடந்ததைப் புரிந்துகொண்டால், துனிசியாவில் நடந்தது தானாகவே புரியும்.

வ.உ.சிதம்பரம் பிள்ளையைக் கப்பலோட்டிய தமிழன் என்று பள்ளிப்பிள்ளைகளும் சொல்வார்கள். கப்பல் யாருடைய காசில் ஓடியது என்று கேட்டால் விழிப்பார்கள். 1906 அக்டோபரில் பதிவான சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியின் மூலதனம் பத்து லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய். மொத்தம் 40,000 பங்குகள். அதில் 8,000 பங்குகளை, அதாவது இரண்டு லட்சம் ரூபாய்க்கு, எடுத்தவர் ஹாஜி முகம்மது பக்கீர் சேட். ஐந்தில் ஒரு பங்கு! தலைவராக இருந்தவர் பாண்டித்துரைத் தேவர். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே வெள்ளைக்காரக் கம்பெனி வைத்ததுதான் கட்டணம் என்றிருந்த நிலையை மாற்ற, ஒரு வக்கீலும் ஒரு தேவரும் ஒரு ஹாஜியாரும் ஒரே பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துப் பார்த்தது. கடைசியில் சும்மாவே ஏற்றிக்கொண்டு போகிறேன் என்றது. குடை கூடக் கொடுத்ததாகச் சொல்வார்கள்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், எழுச்சி என்பது ஒரு நாள் காலையில் திடீரென்று கிளம்புகிற ஆவேசம் என்று நாம் நினைக்கிறோம். அது அப்படி இல்லை. இரண்டு வருஷமாக ஒன்றாகச் சேர்ந்து ஒரு வேலை செய்து பழகிய மக்கள்தான் 1908-இல் எழுந்தார்கள்.

அடுத்தது கோரல் மில். தூத்துக்குடியில் வெள்ளைக்காரர் நடத்திய நூற்பாலை. விடிவதற்கு முன் உள்ளே போனால் இருட்டிய பிறகுதான் வெளியே வரலாம். வார விடுமுறை கிடையாது. சிறுபிள்ளைகளும் வேலை செய்தார்கள். 1908 பிப்ரவரி 27 அன்று வேலைநிறுத்தம் தொடங்கியது. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கடற்கரையில் கூட்டம் போட்டுப் பேசினார்கள். பேச்சோடு நிறுத்தவில்லை. வேலைக்குப் போகாதவன் வீட்டில் உலை வைக்க வேண்டுமே! ஊரில் நிதி திரட்டினார்கள். வேறு வேலை பார்த்துக் கொடுத்தார்கள். ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கி வந்து கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் தந்தது. ஏழைத் தொழிலாளி வெள்ளைக்கார முதலாளியிடம் ஜெயித்தான் என்ற செய்தி ஊரெல்லாம் பரவியது. அரசாங்கம் பயந்தது கப்பலுக்கு அல்ல, இதற்குத்தான் என்று நான் நினைக்கிறேன்.

மார்ச் 12-ஆம் தேதி வ.உ.சி., சிவா, பத்மநாப ஐயங்கார் மூவரையும் திருநெல்வேலியில் கைது செய்தார்கள். மறுநாள் வெள்ளிக்கிழமை. கடைகள் திறக்கவில்லை. மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியே வந்தார்கள். நகராட்சி அலுவலகம், தபால் ஆபீஸ், போலீஸ் ஸ்டேஷன், முன்சீப் கோர்ட் எல்லாம் தாக்கப்பட்டன; நகராட்சியின் மண்ணெண்ணெய்க் கிடங்கு தீப்பற்றி எரிந்தது. போலீஸ் சுட்டதில் நான்கு பேர் இறந்தார்கள். நான்கு பேரும் ஒரே சாதி அல்ல, ஒரே மதமும் அல்ல. நம் சமுதாயத்தைச் சேர்ந்த ஒருவரும் அதில் உண்டு.

தூத்துக்குடியில் நடந்தது இன்னும் அழகு. கோரல் மில் தொழிலாளர்கள் மறுபடியும் வேலையை நிறுத்தினார்கள். இந்தத் தடவை கூலிக்காக அல்ல, மூன்று பேரைக் கைது செய்ததற்காக. பம்பாயில் திலகருக்காக ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தது அந்த வருஷம் ஜூலையில். நம் தூத்துக்குடி அதற்கு நான்கு மாதம் முந்தி. ஜட்கா வண்டிக்காரர்கள் வண்டி பூட்டவில்லை. இறைச்சிக் கடைக்காரர்கள் கடை திறக்கவில்லை. முடி திருத்துகிறவர் ஒருவர், தம்மிடம் சவரத்துக்கு உட்கார்ந்த வக்கீல் வெள்ளைக்காரனுக்கு ஆதரவாகப் பேசியதும், பாதி சவரத்தில் எழுந்துவிட்டாராம். அந்த வக்கீல் மீதி முகத்தோடு எங்கே போனார் என்று வகுப்பில் ஒவ்வொரு வருஷமும் ஒரு பையன் கேட்பான்.

இப்போது துனிசியாவுக்கு வருவோம்.

2010 டிசம்பர் 17. அதுவும் வெள்ளிக்கிழமை. சிதி பூசித் என்ற சிறு நகரத்தில் முகம்மது பூஅஸீஸி என்கிற 26 வயது இளைஞர் தள்ளுவண்டியில் பழமும் காய்கறியும் விற்றுக் குடும்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர். நகராட்சி ஆட்கள் சரக்கையும் தராசையும் பிடுங்கிக்கொண்டார்கள். முறையிட ஆளுநர் அலுவலகத்துக்குப் போனார். யாரும் அவரைப் பார்க்கவில்லை. அந்த அலுவலக வாசலிலேயே தம்மைத் தீயிட்டுக்கொண்டார். ஜனவரி 4-இல் இறந்தார். தன் உயிரைத் தானே போக்கிக்கொள்வது மார்க்கத்தில் விலக்கப்பட்டது. அதை நான் உயர்த்திப் பேச வரவில்லை. அப்படிப் பேசுவது தப்பு. அந்தத் தீயைப் பார்த்து ஊர் ஏன் எழுந்தது என்பதுதான் என் கேள்வி.

ஒரு பெண் அதிகாரி அவரைக் கன்னத்தில் அறைந்தார் என்று உலகம் முழுக்கச் செய்தி வந்தது. அந்த அம்மா மறுத்தார். பிறகு வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டார். அவர் பட்டதாரி என்றும் எழுதினார்கள். அவர் பள்ளிப் படிப்பையே முடிக்காதவர். அறை விழுந்ததோ இல்லையோ, துனிசியாவில் அதைக் கேட்ட ஒவ்வொருவரும் நம்பினார்கள். ஏன்? அந்த அறை அவரவர் கன்னத்தில் எப்போதோ விழுந்திருக்கிறது.

என் வாப்பா மவ்த்தான பிறகு உம்மாவுக்கு விதவை உதவித்தொகை கேட்டு ஓர் அலுவலகத்துக்கு நடந்தோம். எந்த ஊர், எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன். முப்பது வருஷம் ஆகிறது. நான்காவது தடவை போனபோது, அங்கே இருந்தவர் காகிதத்தை மேஜைக்கு வெளியே விட்டெறிந்தார். உம்மா குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்கள். பணம் பிறகு கிடைத்தது. அந்தப் பணத்தில் வாங்கிய எதுவும் எனக்கு ஞாபகம் இல்லை. உம்மா தரையில் காகிதம் பொறுக்கியது மட்டும் இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது.

அரபியில் ‘கராமத்’ என்கிறார்களே, கண்ணியம், அதுதான் அந்த எழுச்சிகளின் நடுநாடி. பசி காரணம் இல்லையா என்றால், பசியும் காரணம்தான். 2010 கோடையில் ரஷ்யாவில் கடும் வறட்சி. அவர்கள் கோதுமை ஏற்றுமதியை நிறுத்தினார்கள். அப்போது உலகத்திலேயே அதிகமாகக் கோதுமை வாங்கிய நாடு எகிப்து. விலை ஏறியது. எகிப்தியர்கள் ரொட்டிக்குச் சொல்கிற ‘ஐஷ்’ என்ற சொல்லுக்கு வாழ்வு என்றும் பொருள். தஹ்ரீர் சதுக்கத்தில் முழங்கியதும் ‘ஐஷ், சுதந்திரம், சமூக நீதி’ என்றுதான். 1977-இல் எகிப்திலும், 1984-இல் துனிசியாவிலும் ரொட்டி விலையை ஏற்றியபோது கலவரம் வெடித்தது. விலையைக் குறைத்ததும் அடங்கியது. 2011-இல் பென் அலி கடைசி நேரத்தில் ரொட்டி, பால், சீனி விலையைக் குறைக்கிறேன் என்று டெலிவிஷனில் சொன்னார். மக்கள் வீட்டுக்குப் போகவில்லை. வெறும் பசியாக இருந்திருந்தால் போயிருப்பார்கள்.

ஜனவரி 14, வெள்ளிக்கிழமை, 23 ஆண்டு ஆண்ட பென் அலி சவூதிக்கு விமானம் ஏறினார். பிப்ரவரி 11, அதுவும் வெள்ளிக்கிழமை, முப்பது ஆண்டு ஆண்ட ஹுஸ்னி முபாரக் இறங்கினார். வெள்ளிக்கிழமைக்கு இதில் ஏதோ மாயம் இருப்பதாக நினைக்க வேண்டாம். கூட்டம் போடத் தடை உள்ள நாட்டில் ஜும்ஆவுக்குக் கூடுவதை மட்டும் எந்த சர்வாதிகாரியாலும் தடுக்க முடியவில்லை. ஆட்கள் ஏற்கெனவே கூடியிருக்கிறார்கள்; அவ்வளவுதான் விஷயம்.

பேஸ்புக் புரட்சி என்று அப்போது பெயர் வைத்தார்கள். அலெக்சாந்திரியாவில் 2010 ஜூனில் போலீசார் அடித்துக் கொன்ற காலித் சயீத் என்ற இளைஞருக்காக ஒரு பக்கம் தொடங்கப்பட்டதும், அது லட்சக்கணக்கானோரைச் சேர்த்ததும் உண்மை. ஆனால் ஜனவரி 28 அன்று முபாரக் இன்டர்நெட்டை மொத்தமாக நிறுத்தினார். அன்றைக்குத்தான் தெருவில் கூட்டம் பன்மடங்கு ஆனது. வீட்டில் உட்கார்ந்து போனில் பார்த்துக்கொண்டிருந்தவன், என்ன நடக்கிறது என்று பார்க்க வெளியே வந்தான். தம்பிமார்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

எகிப்தில் தரையைத் தயார் செய்தது வேறு. மஹல்லா என்ற ஊரில் பெரிய பஞ்சாலை ஒன்று உண்டு. இருபதாயிரத்துக்கும் மேலான தொழிலாளர்கள். தருகிறோம் என்று சொன்ன போனஸ் வரவில்லை. 2006 டிசம்பரில் முதலில் இயந்திரத்தை விட்டு எழுந்தவர்கள் பெண்கள். ஆண்கள் பகுதிக்குப் போய், ‘பெண்கள் இங்கே இருக்கிறோம், ஆண்கள் எங்கே?’ என்று கேட்டார்கள். ஆண்களும் வந்தார்கள். 2008 ஏப்ரல் 6-இல் மறுபடி வேலைநிறுத்தத்துக்கு அழைப்பு, தெருவில் மோதல். கெய்ரோவின் படித்த இளைஞர்கள் அந்தத் தேதியையே தங்கள் இயக்கத்துக்குப் பெயராக வைத்துக்கொண்டார்கள். அதே ஆண்டு துனிசியாவின் கஃப்ஸா சுரங்கப் பகுதியிலும் எழுச்சி நடந்து ஒடுக்கப்பட்டது. கோரல் மில்லை இங்கே நினைத்துப் பாருங்கள். முற்றத்தில் முறத்தை மடியில் வைத்து பீடி சுற்றுகிற நம் பெண்களையும் நினைத்துப் பாருங்கள். ஆயிரம் பீடிக்கு என்ன கூலி, கழிவு என்று எத்தனை தள்ளுகிறார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

எழுந்ததால் என்ன கிடைத்தது என்று பெரியவர்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். எகிப்தில் 2012-இல் தேர்தல் நடந்தது, முர்சி ஜெயித்தார், 2013 ஜூலையில் ராணுவம் அவரை இறக்கியது, ஆகஸ்டில் ராபிஆ சதுக்கத்தில் ஒரே நாளில் நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். சிரியாவில் தர்ஆ நகரச் சிறுவர்கள் சுவரில் எழுதியதற்குப் பிடித்து வதைத்ததில் தொடங்கியது, பதின்மூன்று ஆண்டு உள்நாட்டுப் போராகி, பல லட்சம் உயிர்களைக் குடித்து, 2024 டிசம்பரில்தான் பஷார் அல் அசத் ஓடினார். துனிசியா ஒன்றுதான் தேறியது. அங்கே வலுவான தொழிற்சங்கம் இருந்தது. ராணுவம் ஆட்சியைப் பிடிக்கவில்லை. கட்சிகள் முட்டிக்கொண்டபோது தொழிற்சங்கமும் முதலாளிகள் சங்கமும் வக்கீல்களும் மனித உரிமைக்காரர்களும் நடுவில் உட்கார்ந்து பேசித் தீர்த்தார்கள். 2014-இல் புதிய அரசியல் சட்டம்; 2015-இல் அந்த நால்வர் குழுவுக்கு நோபல் பரிசு. ஆனால் 2021 ஜூலையில், மக்கள் ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்த கைஸ் சயீதே நாடாளுமன்றத்தை முடக்கினார். பத்து வருஷத்தில் வேலையும் வரவில்லை, விலையும் குறையவில்லை என்ற சலிப்பில் பலர் அன்று அதற்குக் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல்தான் எனக்கு வருத்தம்.

இங்கே மட்டும் என்ன? நீதிபதி பின்ஹே 1908 ஜூலையில் வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை, அதாவது நாற்பது வருஷம், விதித்தார். மேல்முறையீட்டில் அது ஆறாண்டாகக் குறைந்தது. செக்கிழுத்தார். கலவரத்துக்குத் தண்டனையாக ஊர்மக்கள் மேல் தண்டப் போலீஸ் வரி போட்டார்கள். கம்பெனி 1911-இல் கலைக்கப்பட்டது. பக்கீர் சேட் போட்ட இரண்டு லட்சம் கடலோடு போனது போலத்தான். அதே ஆண்டு ஜூனில் நம் பக்கத்து ஊர் செங்கோட்டை வாஞ்சிநாதன் மணியாச்சியில் ஆஷ் துரையைச் சுட்டுத் தம்மையும் சுட்டுக்கொண்டார். அவருக்குச் சிலை இருக்கிறது; அவருடைய துணிவை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவர் வைத்திருந்த கடிதத்தைப் படித்தவர்களுக்கு, அவர் கேட்ட சுயராஜ்யம் எல்லாருக்குமானதா என்ற சந்தேகம் வரும். ஜட்கா வண்டியைப் பூட்டாமல் நிறுத்திய அந்த வண்டிக்காரருக்கு ஒரு சிலை வைத்தால் நான் சந்தா தருவேன். வ.உ.சி. 1912 டிசம்பரில் வெளியே வந்தபோது வரவேற்கக் கூட்டம் இல்லை. சன்னது பறிபோன வக்கீல், சென்னையில் அரிசிக் கடை வைத்துப் பார்த்தார்.

இலங்கையைப் பற்றி ஒரு வார்த்தை. 2020 டிசம்பரில் பிறந்து இருபது நாளேயான ஒரு முஸ்லிம் குழந்தையின் ஜனாஸாவைக் கொரோனா என்று சொல்லி எரித்தார்கள். பெற்றோர் சம்மதிக்கவில்லை. கொழும்பு பொரளை மயான வேலியில் மக்கள் வந்து வெள்ளைத் துணி, கபன் துணி, கட்டிவிட்டுப் போனார்கள். முஸ்லிம்கள் மட்டுமல்ல, சிங்களவர்களும் கட்டினார்கள். பதினாறு மாதம் கழித்து அதே கொழும்பில், காலிமுகத்திடலில், எல்லா மதத்தாரும் ஒன்றாக உட்கார்ந்து நோன்பு திறந்தார்கள். ஜூலையில் கோட்டபய ஓடினார். டீசலும் கேஸும் கிடைக்காததால்தான் சிங்கள மக்கள் எழுந்தார்கள் என்பதும் பொய்யல்ல. வடக்கே காணாமல்போன பிள்ளைகளின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு 2017-லிருந்து தெருவோரம் உட்கார்ந்திருந்த தமிழ்த் தாய்மார்கள், ‘இத்தனை நாள் எங்கே இருந்தீர்கள்?’ என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாத எழுச்சி பாதி சவரம் மாதிரிதான்.

சரி, நம் வீட்டுக்கு வருகிறேன். செயலாளர் கோபித்துக்கொள்ளக் கூடாது. பேசச் சொன்னது அவர்தான்.

நாம் ரமலானில் அரிசி, பருப்பு, எண்ணெய் அடங்கிய பை கொடுக்கிறோம். நல்ல காரியம். அதை வாங்க வருகிறவர்களை அஸர் தொழுகைக்குப் பிறகு வரிசையில் நிற்கவைத்து, பையை ஒரு கையிலும் நம் தலைவர் தோளை மறு கையிலுமாக நிறுத்திப் போட்டோ எடுத்து, இந்த இதழில் இரண்டு பக்கம் போடுகிறோம். போன வருஷம் அந்தப் படத்தில் இருந்த ஒரு பெண்ணின் மகள் எங்கள் தெருப் பள்ளியில் படிக்கிறாள். அந்த இதழ் வந்த வாரம் அவள் மூன்று நாள் பள்ளிக்குப் போகவில்லை. பெயர் சொல்ல மாட்டேன். கேட்டதற்கு, வயிற்றுவலி என்றாள். நாம் யாரும் காகிதத்தை விட்டெறியவில்லை. ஆனால் அந்தப் பிள்ளையும் என்னைப் போல அறுபது வயதில் எந்த அரிசி சாப்பிட்டோம் என்பதை மறந்து, எந்தப் படம் வந்தது என்பதை மட்டும் ஞாபகம் வைத்திருப்பாள்.

இன்னொன்று. கணக்கை நாம் வருஷத்துக்கு ஒரு தடவை, ஆண்டுக் கூட்டத்தில், வேகமாக வாசிக்கிறோம். நான் கணக்கில் தப்பு என்று சொல்லவில்லை. அல்லாஹ் அறிவான், நம் பொருளாளர் தம் கைக்காசைப் போடுகிறவர். ஆனால் சந்தா கொடுக்கிற பெண்கள் திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார்கள். மைக் இந்தப் பக்கம் மட்டும் இருக்கிறது. சென்ற கூட்டத்தில் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சீட்டு வந்தது, மருத்துவ உதவி யார் யாருக்கு என்று எப்படி முடிவு செய்கிறீர்கள் என்று. நேரமில்லை என்று சொல்லி அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டோம். வைத்துக்கொண்டவன் நான்தான்.

அந்தச் சீட்டு இதோ இருக்கிறது. சாப்பாட்டுக்குப் பிறகு நடக்கும் உறுப்பினர் கூட்டத்தில் இதை முதல் விஷயமாக எடுக்கும்படி தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன். மைக் கம்பி நீளம் போதுமா என்று பார்த்துவிட்டேன். திரை வரைக்கும் போகிறது. வரும் ரமலானில் பைகளை இஷாவுக்குப் பிறகு வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்க ஏழெட்டுத் தம்பிகள் வேண்டும். டூவீலர் இருந்தால் நல்லது. பின்வரிசையில் இருக்கிறவர்கள் பெயர் கொடுத்துவிட்டு அருவிக்குப் போகலாம்.

வஸ்ஸலாம்.